பாத்து செய்ங்க

என் வீட்டுக்காரர் ஷேக் தாவூத் மனை புரோக்கர். கவரைப்பேட்டை ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம் அவருக்கு ஓர் ஆபீஸ் உண்டு. ஆபீஸ் என்றால் ஒரு மேஜை, நாலு பிளாஸ்டிக் நாற்காலி, வெயிலில் வெளுத்துப்போன ஒரு ஃபிளெக்ஸ் போர்டு. அதற்குப் பின்னால் எங்கள் வீடு. இத்தனை வருஷத் தொழிலில் கமிஷன் இவ்வளவு என்று அவர் ஒரு தொகை சொல்லி யாரும் கேட்டதில்லை. மற்ற புரோக்கர்கள் ரெண்டு பர்சன்ட் என்பார்கள், ஒன்றரைக்கு இறங்குவார்கள், அதற்காக ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலிலேயே சண்டையும் போடுவார்கள். இவர் தலையை லேசாகச் சாய்த்து, "நீங்க பாத்து செய்ங்க" என்பார். அதோடு பேச்சு முடிந்தது.

முடிந்தது அவருக்கு. கொடுக்க வேண்டியவனுக்கு அங்கேதான் ஆரம்பம். வீட்டுக்குப் போவான், பெண்டாட்டியிடம் கேட்பான், மச்சானிடம் கேட்பான். குறைத்துக் கொடுத்தால் பாய் கோபித்துக்கொள்வாரோ, நாளைக்குப் பட்டா மாற்ற அவரிடம்தானே போய் நிற்க வேண்டும் என்று யோசிப்பான். கடைசியில் ரெண்டு பர்சன்டைத் தாண்டித்தான் கொடுப்பான். கொண்டுவந்து கொடுக்கும்போது இவர் எண்ணிக்கூடப் பார்க்க மாட்டார். "பரவால்லப்பா" என்பார். அந்தப் பரவால்லையில் ரெண்டு வகை உண்டு. குரல் மேலே போனால் திருப்தி. கீழே இறங்கினால் இன்னும் கொஞ்சம் கொண்டுவா என்று அர்த்தம். என் கையில் கிடக்கிற வளையல், கூடத்தில் ஓடுகிற ஏசி எல்லாமே கீழே இறங்கின பரவால்லையில் வந்தவை. ஊரே அவரை வாய் திறந்து காசு கேட்காத மனுஷர் என்று சொல்லும். நானும் அதைக் கேட்டுப் பூரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

எங்களுக்கு ஒரே மகள், சிஃபா. மருமகன் தாஹாவுக்கு அஜ்மானில் ஒரு கார்கோ கம்பெனியில் வேலை. ரெண்டு பேரும் அங்கே ஷேரிங்கில் இருந்தார்கள். ஒரு ஃபிளாட்டில் மூன்று குடும்பம், ஒரே சமையலறை, ஒரே பாத்ரூம். சிஃபா உண்டானதும் பிரசவத்துக்கு இங்கே வந்துவிடு என்றேன். அவளுக்கு ஏதோ சிக்கல், விமானம் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சரி, நான் வருகிறேன் என்றேன். எங்கே வந்து படுப்பாய் அம்மா என்று கேட்டாள். கேட்டுவிட்டுச் சிரித்தாள், ஆனால் அந்தச் சிரிப்பு எனக்கு ஒட்டவில்லை. முதல் பிள்ளைக்குப் பெற்றவள் பக்கத்தில் இல்லாமல் அந்தப் பெண் எப்படித் தாங்குவாள் என்று எனக்கு ராவும் பகலும் அதே நினைப்பு.

அப்போதுதான் இவர் கிளம்பினார். ஊருக்கெல்லாம் மனை வாங்கிக் கொடுத்தவன் மகள் ஒண்டுக்குடித்தனத்தில் பிள்ளை பெறுவதா என்று வீராப்பு. மெயின்ரோட்டுப் பக்கம் இருந்த எங்கள் மனையை விற்றார், தாஹா கொஞ்சம் போட்டான், மிச்சத்துக்கு அங்கே லோன். அஜ்மானில் ஒரு சின்ன ஃபிளாட் பார்த்தார்கள். பார்த்துக் கொடுத்தவன் அஸ்கர் அலி. பழவேற்காட்டுப் பையன், அங்கே ஒரு ஏஜென்சியில் ஏஜென்ட். எங்கள் அம்மா வீட்டுக்கு நாலு வீடு தள்ளித்தான் அவன் வீடு. இவரை மாமா என்பான், என்னை மாமி என்பான். அதனால் இவருக்கு ரொம்ப தைரியம்.

வீடியோ காலில் அவன் ஃபிளாட்டைக் காட்டினபோது பார்க்க வேண்டும் இவரை. மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, வில்லங்கம் போட்டுப் பார்த்தாயா, மூலப் பத்திரம் யாரிடம் இருக்கிறது, கட்டடத்துக்கு அடியில் இருக்கிற நிலம் யார் பேரில் என்று கேட்டுத் தள்ளினார். பதினோராவது மாடிக்கு நாலு பக்கமும் எல்லை யார் யார் என்று கேட்டார். அஸ்கர் அலி பொறுமையாக, கிழக்கே லிஃப்ட் மாமா, மேற்கே ஒரு எகிப்துக்காரன் என்றான். ஏஜென்சிக்கு எவ்வளவு கமிஷன், அரசாங்கத்துக்கு எவ்வளவு கட்டணம் என்பதெல்லாம் முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். அதில் ஒரு குறையும் இல்லை.

நடுவில் ஒருநாள் அஸ்கர் அலியிடமிருந்து வாய்ஸ் மெசேஜ். அதே ஃபிளாட்டுக்கு வேறொரு பார்ட்டி வந்திருக்கிறான், நாளைக்கே முடிக்கத் தயாராக இருக்கிறான், என்ன செய்ய மாமா என்று. வேறு பார்ட்டி வந்திருக்கிறான் என்பது இவரே வாரத்துக்கு நாலு தடவை சொல்கிற வார்த்தை. அப்படி எந்தப் பார்ட்டியும் வந்ததில்லை என்பது எனக்கே தெரியும். ஆனால் மகள் விஷயம் என்று வந்தால் மனுஷனுக்குப் புத்தி எங்கே வேலை செய்கிறது. டீக்கடையில் நாலு பேர் நடுவில் நின்றுகொண்டு, போனை வாய்கிட்டே வைத்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"தம்பி, நீ இன்னா பண்ணுவியோ ஏது பண்ணுவியோ தெரியாது. அந்த ஊட்ட எம்பொண்ணுக்கு முடிச்சுக் குடு. உன்ன நான் தனியா கவனிக்கிறேன்."

தனியாகக் கவனிக்கிறேன் என்பதை நம் ஊரில் யார் யாரிடம்தான் சொல்வதில்லை. லைன்மேனிடம் சொல்கிறோம், கொத்தனாரிடம் சொல்கிறோம், பந்தியில் பிரியாணி வைக்கிற ஆளிடம்கூடச் சொல்கிறோம். சொன்ன அடுத்த நிமிஷம் மறந்தும் போகிறோம். இவரும் மறந்துவிட்டார். அஸ்கர் அலி மறக்கவில்லை.

ஃபிளாட் தாஹா பேருக்கு மாறியது. விற்றவன் சாவியை அஸ்கர் அலி கையில் கொடுத்துவிட்டுத் தன் நாட்டுக்குப் போய்விட்டான். சிஃபா அட்டைப் பெட்டிகளில் சாமானைக் கட்டிவிட்டாள். ஷேரிங் வீட்டில் அவர்கள் அறைக்கு வேறு ஆள் பேசிவிட்டார்கள், மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். நான் டிக்கெட் பார்க்கச் சொல்லிவிட்டுப் பையில் சுக்கு, மிளகு, பூண்டு என்று கட்ட ஆரம்பித்தேன். அப்போது வந்தது அவனுடைய அடுத்த வாய்ஸ் மெசேஜ்.

"மாமா, அல்லா கிருபையில ஊடு முடிஞ்சுது. ஆபீஸ் கமிஷன் வந்துச்சு, அது ஆபீஸுக்கு. சாவி எங்கிட்ட பத்திரமா இருக்குது. தனியா கவனிக்கிறேன்னு சொன்னீங்களே, அத நெனச்சுத்தான் அந்தப் பார்ட்டிய வேணாம்னு அனுப்பிட்டேன். நீங்க பெரியவங்க. பாத்து செய்ங்க."

நான் முதலில் சிரித்துவிட்டேன். பொத்திக்கொண்டு சிரித்தும் அவருக்குக் கேட்டுவிட்டது. இவருடைய வார்த்தையே கடல் தாண்டிப் போய் இவர் தலையிலேயே வந்து உட்கார்ந்தால் சிரிக்காமல் என்ன செய்வது. அவர் முறைத்துவிட்டு, எவ்வளவு கேட்கிறான் என்று சிஃபாவிடம் விசாரிக்கச் சொன்னார். எவ்வளவு என்று அவன் சொல்லவே இல்லை என்பது அப்போதுதான் இருவருக்கும் உறைத்தது.

தாஹா ஒரு கவரில் பணம் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தான். நல்ல தொகைதான். அஸ்கர் அலி வாங்கிப் பையில் வைத்துக்கொண்டான். எண்ணவில்லை. பரவாயில்லை மச்சான் என்றானாம். தாஹா போன் பண்ணிச் சொன்னதும் இவர் கேட்ட முதல் கேள்வி, குரல் மேலே போச்சா கீழே இறங்குச்சா என்பது. தாஹாவுக்கு ஒன்றும் புரியவில்லை. சாவி கொடுத்தானா என்று நான் கேட்டேன். கொடுக்கவில்லை, ஆபீஸ் லாக்கரில் இருக்கிறது, நாளைக்கு எடுத்துத் தருகிறேன் என்றானாம். அப்படியென்றால் கீழேதான் இறங்கியிருக்கிறது.

மறுநாளும் தரவில்லை. தாஹா இன்னொரு கவர் கொண்டுபோனான். அதற்கும் பரவாயில்லைதான். அதற்கு அடுத்த நாள் மேனேஜர் ஊரில் இல்லை. பிறகு அஸ்கர் அலி போனையே எடுக்கவில்லை. ஏஜென்சியில் போய் ஒரு புகார் கொடுத்தால் சாவி தானாக வரும், வீடு நம் பேரில்தானே இருக்கிறது என்று தாஹா சொன்னான். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. இவர் வேண்டாம் என்று கத்தினார். புகார் கொடுத்தால் அவன் அந்த வாய்ஸ் மெசேஜைப் பழவேற்காடு முழுக்க அனுப்புவான், வாய்விட்டுச் சொல்லிவிட்டு ஏமாற்றினான் தாவூத் என்று பள்ளிவாசலில் பேசுவார்கள், அதற்குப் பிறகு எவன் என்னை நம்பி மனை வாங்குவான் என்றார்.

அந்த வாரம் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஆபீஸிலிருந்து கேட் வரைக்கும் நடப்பார், திரும்புவார். கேட் போட்டிருந்தால் நின்று கூட்ஸ் வண்டியை முறைப்பார். நாஷ்டா இறங்கவில்லை, டீ மட்டும் உள்ளே போய்க்கொண்டே இருந்தது. தன் வாய்ஸ் மெசேஜையும் அஸ்கர் அலியின் மெசேஜையும் மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டார். இவ்வளவு அனுப்பினால் போதுமா, கூடக் கொஞ்சம் சேர்க்கட்டுமா, சேர்த்து அனுப்பினால் இன்னும் கேட்பானோ என்று என்னிடம் கேட்டார், தாஹாவிடம் கேட்டார், டீக்கடைக்காரனிடம்கூடக் கேட்டார். எனக்கு எரிச்சலாக வந்தது. அந்தப் பக்கம் சிஃபா கட்டின பெட்டிகள்மேலேயே உட்கார்ந்துகொண்டு, கால் வீங்குதும்மா என்கிறாள். இந்தப் பக்கம் இவர் சிகரெட் வாசனையோடு வந்து, பேஜாரா இருக்குடி என்கிறார்.

இதற்கு நடுவில் பின்பக்கம் ஒரு சேவல் வேறு. நேரம் காலம் இல்லாமல் கூவிக்கொண்டே இருந்தது. அது விக்டோரியா கொண்டுவந்த சேவல்.

விக்டோரியாவைச் சொல்ல வேண்டும். தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. அவள் புருஷன் தேசப்பன் கும்மிடிப்பூண்டியில் கம்பி ஆலையில் இருக்கிறான். ரெண்டு பேரும் ஓவர்டைம் பார்த்துச் சேர்த்து, எங்கள் பாய் மூலமாக அரை கிரவுண்டு மனை வாங்கினார்கள். அவர்கள் குடும்பத்தில் சொந்தமாக மண் வாங்கினது இவர்கள்தான் முதல். ரிஜிஸ்டர் முடிந்த அன்றைக்கு லட்டு டப்பாவோடு வந்தாள். அப்புறம் பணக் கவரோடு வந்தாள். அப்புறம் இந்தச் சேவலோடு வந்தாள். அறுத்துக் கொண்டுவந்தால் நாங்கள் சாப்பிட மாட்டோம் என்று தெரிந்து உயிரோடு கொண்டுவந்திருந்தாள். ஒரு தடவைகூட உட்கார்ந்ததில்லை, டீ கொடுத்தால் குடித்ததில்லை. கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை மதியம் நான் இறால் உரித்துக்கொண்டிருந்தபோது மறுபடியும் வந்தாள். ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் இறங்கி நேராக வந்திருக்கிறாள், கழுத்தில் அடையாள அட்டை தொங்குகிறது. பாய் இல்லையே, வெளியே போயிருக்கிறார் என்றேன். தெரியும், டீக்கடையில் பார்த்தேன், அதனால்தான் உங்களிடம் வந்தேன் என்றாள். அடுப்படி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இறாலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அக்கா, பாய்க்கு எம்மேல கோவமா?"

கோபமா, எதற்கு என்றேன். அவள் விடாமல் சொன்னாள். முதல் தடவை எவ்வளவு தர வேண்டும் என்று கேட்டதற்கு, பாத்து செய்ம்மா என்றாராம். நாலு பேரிடம் விசாரித்து, அவர்கள் சொன்ன கணக்குக்குக் கொஞ்சம் கூடவே வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். பரவால்லம்மா என்றாராம். அவர் முகம் சரியில்லை என்று தேசப்பனுக்குச் சந்தேகம், அதனால் சேவல். அப்போதும் பரவால்லம்மா. இப்போது அவள் தாலிச் சங்கிலியை வைத்து இன்னும் கொஞ்சம் புரட்டலாம் என்று தேசப்பன் சொல்கிறானாம். எவ்வளவு என்று தெரிந்தால் கடனோ உடனோ வாங்கிக் கொடுத்துவிடலாம், எவ்வளவு என்றே தெரியாமல் எதை வைப்பது, எவ்வளவுக்கு வைப்பது என்று கேட்டாள்.

அப்படி என்ன அவசரம் என்று கேட்டேன். மழைக்கு முன்னால் கடைக்கால் போட வேண்டும், லோன் கொடுக்கிறவன் பத்திரம் கேட்கிறான் என்றாள்.

"ரிஜிஸ்டர் ஆபீஸ்ல பத்திரத்த பாய்தான் வாங்கினாரு. அவர்கிட்ட கேட்டா, எங்கிட்ட பத்திரமா இருக்குதும்மா, எங்க போயிடப் போவுதுன்றாரு. அவர் வெச்சிக்கினாருன்னு சொல்லல அக்கா. தப்பா எடுத்துக்காதீங்க. நாங்கதான் இன்னா கொற வெச்சோம்னு தெரியல."

என் கை இறாலோடு அப்படியே நின்றுவிட்டது. பத்திரமாக இருக்கிறது. காலையில்தான் அந்த வார்த்தையை அஸ்கர் அலி குரலில் பத்தாவது தடவையாகக் கேட்டேன். கையைக் கழுவினேன். பீரோவைத் திறந்தேன். பதினைந்து நாளைக்கு முன்னால் இவர் ஒரு பச்சை கவரைக் கொடுத்து, உள்ளே வை என்று சொன்னதும், என்ன ஏது என்று கேட்காமல் என் பட்டுப் புடவைக்கு அடியில் நான் வைத்ததும் ஞாபகம் இருக்கிறது. எடுத்துப் பார்த்தேன். விக்டோரியா, கணவர் பெயர் தேசப்பன் என்று எழுதியிருந்தது. அஸ்கர் அலியின் லாக்கர் அஜ்மானில் இல்லை, என் பீரோவில்தான் இருந்திருக்கிறது. வெட்கமாக இருந்தது. அதைவிடக் கோபமாக இருந்தது. என் மகள் யார் வீட்டிலோ பெட்டிமேல் உட்கார்ந்து அழுகிறாள் என்று நான் சாபம் விட்டுக்கொண்டிருக்கிறேன். இந்தப் பெண் என் வீட்டு வாசற்படியில் நாலாவது தடவையாக நிற்கிறாள்.

கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தேன். நான் ஒன்றும் பெரிய தர்மவதி இல்லை. இதை விட்டால் அது வரும் என்று மனசுக்குள் ஒரு கணக்கு இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். யா அல்லா, இவள் கையில் பத்திரம் கொடுத்துவிட்டேன், என் பெண் கையில் சாவி கொடு என்று கேட்டுக்கொண்டேதான் கொடுத்தேன்.

விக்டோரியா வாங்கிக்கொண்டாள். பிரித்துத் தன் பெயரைப் பார்த்தாள். சந்தோஷமாகப் போவாள் என்று பார்த்தால் நகரவில்லை.

"தொக சொல்லலியே அக்கா" என்றாள்.

ஒன்றும் வேண்டாம் போ என்றேன். பாய் சொல்லாமல் எப்படி என்றாள். நாளைக்கு ரோட்டில் பார்த்து அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் நான் என்ன செய்வேன், அந்த மனை இருக்கிற நகரே அவர் போட்டதுதான், தண்ணீர் லைனுக்கும் அவரிடம்தான் வர வேண்டும் என்றாள். அவள் சொல்வதும் சரிதான். டீ போடுகிறேன், உட்கார் என்றேன். டீயைப் போட்டு அவள் பக்கத்தில் வைத்தேன். நின்றுகொண்டே இருந்தாள், தொடவில்லை.

அப்போதுதான் இவர் உள்ளே வந்தார். அஸ்கர் அலி ஒருவழியாகப் போனை எடுத்துவிட்டிருக்கிறான். ஸ்பீக்கரில் போட்டுக் கையில் பிடித்துக்கொண்டு, செருப்பைக் கழற்றாமல் கூடத்துக்குள் வந்துவிட்டார். அடுப்படி வாசலில் யார் நிற்கிறார்கள் என்று பார்க்கிற நிலைமையில் இல்லை. கண் சிவந்திருந்தது.

"தம்பி, உன் கையப் புடிச்சுக் கேக்கறேன். ரெண்டு கவர் குடுத்தாச்சு. போதலன்னா போதலன்னு சொல்லு. ஒரு தொக சொல்லு. எவ்ளோன்னு சொல்லிட்டா நான் எங்கியாச்சும் பொரட்டி அனுப்பிட்டு நிம்மதியா தூங்குவேன்."

அந்தப் பக்கம் ஏதோ வண்டி ஹாரன். அப்புறம் அஸ்கர் அலியின் குரல், நல்ல மரியாதையான குரல்.

"இன்னா மாமா இது. நமக்குள்ள போய் தொக கேட்டுக்கினு. நீங்க பாத்து செய்ங்க."

விக்டோரியா சிரித்துவிட்டாள். கேலிச் சிரிப்பு இல்லை. அடக்கப் பார்த்து முடியாமல் வந்தது. பத்திரத்தால் வாயை மூடிக்கொண்டாள், தோள் குலுங்கியது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இவர் திரும்பிப் பார்த்தார். விக்டோரியாவைப் பார்த்தார், அவள் கையில் இருந்த பச்சை கவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். போனில் அஸ்கர் அலி மாமா மாமா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். இவர் கட் பண்ணிவிட்டார்.

யாரைக் கேட்டு எடுத்தாய் என்று என்மேல் பாய்வார் என்று நினைத்தேன். பாய்ந்திருந்தால் நானும் பதில் தயாராக வைத்திருந்தேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். விக்டோரியாவுக்குச் சிரிப்பு போய் பயம் வந்துவிட்டது. மன்னிச்சுக்கோங்க பாய், உங்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை என்றாள். பையிலிருந்து ஒரு கவரை எடுத்து நீட்டினாள், இன்னும் இவ்வளவுதான் புரட்ட முடிந்தது, போதாவிட்டால் சொல்லுங்கள் என்றாள்.

இவர் வாங்கவில்லை.

"வேணாம்மா. குடுத்தது போதும்" என்றார்.

விக்டோரியா கவரை நீட்டினபடியே அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். குரல் மேலே போனதா கீழே இறங்கினதா என்று அவளும் பார்க்கிறாள் என்று எனக்குப் புரிந்தது.

"பாய், கேக்கறேன்னு கோவிச்சுக்காதீங்க. நெஜமாவே போதுமா, இல்ல நீங்க சொல்ற போதுமா?"

அப்படி ஒரு கேள்வியை அவரிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. பின்னால் சேவல் கூவியது. ஒரு நல்ல வார்த்தை தேடுகிறார் என்று தெரிந்தது, ஆனால் அவரிடம் இருந்த நல்ல வார்த்தை எல்லாமே ரெண்டு அர்த்தம் உள்ளவை. பரவால்ல என்று சொல்ல முடியாது. உன் இஷ்டம் என்று சொல்ல முடியாது. மனசு இருந்தால் போதும் என்று சொன்னால் அவள் நேராக அடகுக்கடைக்குத்தான் போவாள்.

"ரெண்டு பர்சன்ட்" என்றார் கடைசியில். "என் கமிஷன் ரெண்டு பர்சன்ட். நீ மொதல்லயே அதுக்கு மேல குடுத்துட்ட. இனிமே குடுக்க வேண்டியது ஒண்ணும் இல்ல. சைபர். தண்ணி லைன் வரும், கரண்டு வரும், ஒண்ணும் வேணாம். மேல குடுத்தத ஊட்ல எடுத்துத் தரேன், வாங்கிக்கினு போ."

அவள் நம்பாமல் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். கவரைப் பையில் வைத்தாள். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, அடுப்படிப் பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். டீ ஆறி ஏடு கட்டிப் போயிருந்தது, சூடு பண்ணித் தருகிறேன் என்றேன். வேண்டாம் அக்கா, இதுவே நல்லா இருக்கும் என்று எடுத்துக் குடித்தாள். நான் எழுந்துபோய் இவரிடம் பணப்பெட்டிச் சாவி வாங்கி, மேலே கொடுத்ததை எடுத்து வந்து அவள் மடியில் வைத்தேன். சேவலை மட்டும் திருப்பி வாங்க மாட்டேன் என்றுவிட்டாள்.

அவள் போனதும் இவர் போனை எடுத்தார். என்ன சொல்லப் போகிறார் என்று பக்கத்தில் போய் நின்றேன். டீக்கடையில் பேசின குரல் இல்லை, சாதாரணமாகத்தான் பேசினார். தம்பி, நான் பாத்துட்டேன், செஞ்சும் முடிச்சுட்டேன், ரெண்டு கவர்தான், அதுக்கு மேல ஒரு ரூபா இல்ல, நான் பேசினத யாருக்கு வேணும்னாலும் போட்டுக் காட்டு, நீ சொன்னதையும் சேத்துக் காட்டு, நாளைக்கு சாவி மாப்பிள்ள கைக்கு வரலன்னா அவன் உன் ஆபீஸுக்கு வந்து உன் மேனேஜர்கிட்ட கேப்பான். அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தார். கேட்டான் என்று நீலக் குறி வந்தது.

மறுநாள் மதியம் சிஃபாவிடமிருந்து ஒரு படம் வந்தது. கதவு திறந்திருக்கிறது, காலி அறை, ஜன்னல் வழியாக வெயில், நடுவில் தரையில் காலை நீட்டிக்கொண்டு என் மகள். பக்கத்தில் வெறுந்தரையைக் கையால் காட்டி, இதும்மா நீ படுக்கிற இடம் என்று எழுதியிருந்தாள். எனக்கு அழுகையை அடக்க முடியவில்லை. அழுதுகொண்டே சுக்கும் மிளகும் எடுத்துப் பையில் வைத்தேன்.

இவருக்குத் தனியாக ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்திருந்தது, அஸ்கர் அலியிடமிருந்து. சாவியைக் கொடுத்துவிட்டேன் மாமா, உங்கள்மேல் கோபமெல்லாம் இல்லை, மாமி இங்கே வரும்போது பாத்துக்கலாம் என்று சொல்லியிருந்தான். இவர் அதைக் கேட்டார். மறுபடியும் போட்டுக் கேட்டார். எழுந்து கேட் வரைக்கும் போனார், திரும்பி வந்தார். நான் பை கட்டுகிற இடத்துக்கு வந்து நின்று, போனை என் காதுகிட்டே வைத்து, இன்னொரு தடவை போட்டார்.

"பாத்துக்கலாம்னா இன்னாடி அர்த்தம்?" என்றார்.